அங்காடியில் நின்றவர்கள்

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிக்குப் பெயரிலேயே சந்தை இருக்கிறது. 1344-ல் அங்கே யூதர்கள் ஒரு தொழுகைக்கூடம் கட்டினார்கள். கட்டடம் எப்போதோ போய்விட்டது. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் யூதத் தெருவில், பரதேசி தொழுகைக்கூடத்துச் சுவரில் பதிந்திருக்கிறது. தினக்கூலிக்காரன் ஏழை, அவன் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது மோசேயின் சட்டம் (உபாகமம் 24). கொச்சங்காடியிலும் அது ஆண்டுதோறும் வாசிக்கப்பட்டிருக்கும்.

ஆறு நூற்றாண்டு கழித்து, அதே மட்டாஞ்சேரியில் கூலிக்காரனுக்குப் பொழுது விடிவதே பெரும்பாடாக இருந்தது. கொச்சித் துறைமுகத்தில் ஏற்றியிறக்க எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை உலோக வில்லைகளை மூப்பன் எடுத்து வருவான். கூடி நிற்கும் கூட்டத்துக்குள் வீசுவான். வில்லைக்குப் பெயர் சாப்பா. எட்டிப் பிடித்தவனுக்கு அன்றைக்கு வேலை. ஆட்களோ வில்லைகளைவிடப் பல மடங்கு. நேற்று ஒரே பீடியைப் பங்குபோட்டுப் புகைத்தவர்கள் இன்று ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு தரையில் துழாவுவார்கள். வயதானவனும் நோஞ்சானும் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள்.

இந்த முறைக்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. உயிரிழந்தவர்களாக அந்த ஊர் நினைவில் வைத்திருப்பது மூன்று பெயர்களை: சைது, சைதாலவி, ஆன்டணி. இரண்டு முஸ்லிம் பெயர்கள், ஒரு கிறிஸ்தவப் பெயர்.

கிறிஸ்தவ வேதத்தில் இந்தக் காட்சிக்கு மிக அருகில் நிற்பது மத்தேயு நற்செய்தியின் 20-ம் அதிகாரம். திராட்சத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் சந்தைக்குப் போய் ஆள் பிடிக்கிறார். ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் மறுபடி போகிறார். ஐந்து மணிக்குப் போனால் அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். ஒரு மணி நேரமே வேலை பார்த்த அவர்களுக்கும் சாயங்காலம் முழு நாள் கூலி. விடியலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

பிரசங்க மேடையில் இதற்குக் காலங்காலமாக ஒரே உரைதான். தோட்டக்காரர் கடவுள்; கூலி, மோட்சம்; கடைசியில் வந்தவன் சாகும் தறுவாயில் மனம் திரும்பிய பாவி. தவறில்லை. ஆனால் இந்த உரையில் சந்தையில் நின்றவனின் பசி மட்டும் காணாமல் போய்விடுகிறது.

காணாமல் போனதில் மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு. நின்றவர்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஆர்கோஸ். வேலை என்ற சொல்லோடு இன்மை முன்னொட்டுச் சேர்ந்தது, நேர்பொருள், வேலையற்றவன். சோம்பேறி என்ற பொருளும் அதற்கு உண்டுதான். சீர்திருத்தச் சபைகளின் பழைய தமிழ் வேதாகமம் அவர்களைச் ‘சும்மா’ நிற்கிறவர்களாக்கியது. ‘சும்மா’ அழகான சொல். சித்தர்களிடம் போனால் ஞானமாகும். கூலிக்காரன் மேல் விழுந்தால் பழியாகும். சாப்பா கிடைக்காமல் நாள் முழுக்கத் துறைமுக வாசலில் நின்றவனைச் சும்மா நின்றான் என்று எழுத யாருக்கு மனம் வரும்?

அமெரிக்க விவிலிய அறிஞர் வில்லியம் ஹெர்சாக் 1994-ல் வெளியான நூலில் இன்னும் ஒரு படி போனார். தோட்டக்காரர் கடவுளே அல்ல, கூலிக்காரர்களைப் பிரித்தாளும் நிலக்கிழார் என்றார். இது கொஞ்சம் மிகைதான். வில்லையை வீசுகிறவன் ஐந்து மணிக்கு ஐந்தாவது தடவையாக மிச்சம் மீதியைத் தேடிச் சந்தைக்கு வரமாட்டான். ஆனாலும் ஹெர்சாக்குக்கு நன்றி சொல்ல வேண்டும்; கதையை மோட்சத்திலிருந்து தெருவுக்கு இறக்கியவர்களில் அவர் ஒருவர்.

அவருக்கு முன்னோடியும் உண்டு. இந்த உவமையின் சொற்களையே தலைப்பாக்கி ஜான் ரஸ்கின் 1860-ல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளை, 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் காந்தி படித்தார். அந்த ஆண்டே ஃபீனிக்ஸ் குடியிருப்பு பிறந்தது. ‘சர்வோதயம்’ என்பது அந்த நூலின் குஜராத்தி வடிவத்துக்கு அவர் வைத்த பெயர்.

காந்தியின் கனவுக்குக்கூடப் போக வேண்டாம். 1948-ன் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் வந்த திட்டங்களைப் பார்த்தால் போதும். பதிவு பெற்ற தொழிலாளிக்கு முறைவைத்து வேலை. வேலையில்லாத நாளுக்கும் ஒரு படி. வேலைக்கு வந்து ஏமாந்து நின்றதற்கென்றே தனியாக ஒரு தொகை. ஐந்து மணி ஆளின் கூலியை இவ்வளவு துல்லியமாகச் சட்டமாக்கியவர்கள் வேதம் படித்தா செய்தார்கள்? தொழிற்சங்கங்கள் அடிபட்டு வாங்கியது அது.

விடியலில் வந்தவர்களின் முணுமுணுப்பும் கேரளத்தில் தன் பங்கைக் காட்டியது. சங்கமாகத் திரண்ட சுமைத் தொழிலாளர் சிலர், வேறு ஆள் சரக்கிறக்க, பார்த்து நின்றதற்கே கூலி கேட்டார்கள். இந்த ‘நோக்குக் கூலி’யை 2018 மே 1 அன்று அரசு தடை செய்ய வேண்டி வந்தது. முதலில் வந்தவன் தனக்குப் பின்னால் வருகிறவனுக்கு வாசலை அடைப்பதையும் உவமை சொல்லத் தவறவில்லை.

பின்னால் வந்தவர்களில் தமிழர்களும் உண்டு. வில்லிங்டன் தீவின் வாத்துருத்தியில் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பு பல பத்தாண்டுப் பழசு. அவர்களுக்கும் பின்னால் வங்காளிகள், அசாமியர்கள், ஒடியர்கள்.

1953-ல் லத்தீன் கத்தோலிக்கக் கோயில்களில் இந்த உவமை தவக்காலத்துக்குச் சற்று முந்திய ஒரு ஞாயிறன்று, லத்தீனில் வாசிக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த வாசக ஒழுங்கில் மூன்றாண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் 18-க்கும் 24-க்கும் இடையிலான ஞாயிறில், மக்கள் மொழியில் வருகிறது. மட்டாஞ்சேரித் துப்பாக்கிச் சூட்டின் நினைவு நாள் கழிந்து ஓரிரு வாரத்துக்குள். 2023-ல் அது செப்டம்பர் 24. சாப்பாவைப் பற்றிய ‘துறமுகம்’ மலையாளப் படம் திரைக்கு வந்ததும் அதே ஆண்டுதான்.

மறுநாள் திங்கட்கிழமை. கொச்சியின் முச்சந்திகளில் சோற்று டப்பாவோடு ஆட்கள் நிற்கும் நேரத்தில் ஒரு வண்டி வேகம் குறைக்கும். ஓட்டுநர் தலையை நீட்டி இரண்டு விரலைக் காட்டுவார். பத்துப் பேர் ஓடுவார்கள்.