ஆப்ல பச்சை... தெருவுல புகை! லால்பேட்டை, சிதம்பரம் மக்களே, ஒரு நிமிஷம்!

காலை எட்டரை மணி. லால்பேட்டை கடைத்தெருவில் சிதம்பரம் பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். பஸ் வர்றதுக்குள்ள நாலு ஆட்டோ, ரெண்டு லாரி, ஒரு டிராக்டர் முகத்துல புகையை விட்டுட்டுப் போயாச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டே போனில் காற்றின் தரத்தைப் பார்க்கிறீர்கள். பச்சை நிறத்தில் 'நன்று' என்கிறது ஆப். அப்புறம் ஏன் பாஸ் கண்ணு எரியுது?

ஏன்னா, அந்த எண் உங்க தெருவில் அளந்தது இல்லை. பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்தின் அளவாக இருக்கலாம். இல்லைன்னா, செயற்கைக்கோள் தகவலை வைத்துப் போட்ட கணக்கா இருக்கலாம். ஆனால், வண்டிப்புகை ரொம்ப லோக்கல் சமாச்சாரம். சாலையோரத்தில்தான் அதிகம். சில நூறு மீட்டர் தள்ளிப்போனாலே நல்லா குறைஞ்சிடும். வீராணம் ஏரிக்கரைக் காற்றும் கடைத்தெருக் காற்றும் ஒண்ணு இல்லை.

பச்சைன்னா சேஃபா?

புகையில் நாம் அதிகம் பயப்பட வேண்டியது பி.எம் 2.5 என்ற நுண்துகள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் நுரையீரலின் ஆழம்வரை போகும். 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய வரம்பு 60. நம்ம நாட்டுக் குறியீட்டில் 30 வரைக்கும் 'நன்று'தான். அதாவது, உலக வரம்பைப்போல ரெண்டு மடங்கு இருந்தாலும் ஆப் பச்சை காட்டும்!

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று 2012-லேயே அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவர்கள் உயரம் சைலன்ஸர் பக்கத்தில் இருக்கிறது. மூச்சும் நம்மைவிட வேகமாக வாங்குவார்கள்.

லிஸ்ட்ல நம்ம ஊர் இல்லையே!

2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் பல நகரங்கள் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. 'நம்ம ஊர் இல்லை, அப்போ சுத்தம்தான்' என்று நினைக்க வேண்டாம். தெருவில் அளக்காத வரைக்கும் நல்லது, கெட்டது எதையும் சொல்ல முடியாது. அளவே இல்லாத இடத்துக்குத் திட்டமும் வராது, நிதியும் வராது. சிதம்பரம் தேர் வீதிகளில் நாள் முழுக்கக் கடையில் நிற்பவர்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்பது யார் கணக்கிலும் வராது.

மாத்த முடியுமா?

முடியும். பெட்ரோலில் ஈயம் கலப்பதை 2000-ல் நாடு முழுக்க நிறுத்தினோம். 2020 ஏப்ரலில் பி.எஸ் 6 வந்தது. ஆனால், ரோட்டில் பழைய வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன.

நம்ம பங்குக்கு என்ன செய்யலாம்? ஆள் ஏத்த நிற்கும்போதும், ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போதும் இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. வண்டியின் புகைச் சான்றிதழ் தேதியைப் பாருங்க. அது இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கு. கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. தினமும் டிராஃபிக்கில் போறவங்க என்95 மாஸ்க் போடுங்க.

முக்கியமாக, 'எங்க பஸ் ஸ்டாப்பில் ஒரு வாரமாவது காற்றை அளந்து பாருங்க' என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பேரூராட்சிக்கும் மனு கொடுங்க. குடிக்கிற தண்ணியை டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேட்கிறோமே... காற்றுக்கும் கேட்கலாம்தானே!