மலை காத்ததா, மனிதர் காத்தனரா?

 

“2020-இல் வந்த கொரோனாவும் ஆண்டுதோறும் வந்து போகும் ஃபுளூ காய்ச்சலும் ஏறக்குறைய ஒன்றுதானே? கொடைக்கானல் போன்ற மலையூர்களில் பெருஞ்சாவு ஏதும் நேரவில்லையே! பின் எதற்காகப் பாதையை அடைத்தார்கள்? எதற்காகப் பள்ளிவாசல்களைப் பூட்டினார்கள்?”

மதரஸாவில் ஓதும் மாணவர் முதல் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் வரை இவ்வினாவை எழுப்புவோர் பலர். வினா நியாயமானதே. அந்நாள்களில் வருமானம் இழந்தவர்களுக்கும், பெருநாள் தொழுகைக்குக் கூட வெளியே செல்ல இயலாதிருந்தவர்களுக்கும் இதைக் கேட்க முழு உரிமை உண்டு. எனவே இம்மாதம் இதற்கான விடையைச் சற்று நிதானமாகத் தேடுவோம்.

நோய்க்கு அஞ்சி எழுந்த ஊர்

பழனி மலைத்தொடரில் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானல், நோய்க்கு அஞ்சியவர்களால் உருவான ஊர் ஆகும். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் பாதிரிமார், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம் குடும்பத்தாரைப் பறிகொடுத்த பின், 1845-இல் இங்கு முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். மலேரியாக் கொசு அத்தனை குளிரில் பெருகுவதில்லை. ஆகவே அந்த நோயைப் பொறுத்தவரை மலை ஒரு நல்ல அரணாகவே இருந்தது.

ஆனால் மூச்சுக் காற்றால் பரவும் நோயின் இயல்பு வேறு. அதைச் சுமந்து செல்வது கொசு அன்று, மனிதன். மனிதன் ஏறும் இடமெல்லாம் அதுவும் ஏறும். 1875-இல் இரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. 1916-இல் மலைமேல் செல்லும் மோட்டார் சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டே ஆண்டுகளில், உலகம் இன்றளவும் மறவாத விஷக்காய்ச்சல் இந்நாட்டுக் கரையில் இறங்கியது.

ஒரே நோய், வெவ்வேறு அளவு

1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் தோன்றிய அந்த இன்ஃபுளுவென்சா, இருப்புப் பாதை வழியே நாடெங்கும் பரவியது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையே பெரும் நாசம் விளைத்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் இரண்டு கோடி வரை மாண்டனர் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-இல் இருந்ததைவிட 1921-இல் மக்கள்தொகை குறைந்து போயிற்று என்பதிலிருந்தே அதன் கொடுமையை உணரலாம்.

ஆயினும் அச்சாவு எங்கும் ஒரே அளவாக இல்லை. பம்பாய் மாகாணத்தில் ஆயிரம் பேருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறக்க, நம் சென்னை மாகாணத்தில் அது தோராயமாக இருபதுக்கும் கீழேயே நின்றது. அவ்வாண்டு மேற்குப் பகுதிகளில் மழை பொய்த்து உணவுப் பஞ்சம் நேர்ந்ததும், தெற்கே வந்து சேர்வதற்குள் நோயின் வேகம் தணிந்ததும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆக, ஓர் ஊரில் சாவு குறைவு என்பதை மட்டும் கொண்டு நோயே சாதாரணமானது என்று முடிவு கட்டுதல் தகாது.

பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவுகளின் கதை இதனினும் தெளிவானது. 1918 நவம்பர் 7-ஆம் நாள் ஆக்லாந்திலிருந்து சென்ற ஒரு கப்பல் மேற்குச் சமோவாவில் நோயாளிகளை இறக்கியது. அத்தீவு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டனர். அண்டையிலேயே இருக்கும் அமெரிக்கச் சமோவாவில், ஆளுநர் போயர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அங்கு அந்நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. ஒரே கடல், ஒரே இனத்து மக்கள். வேற்றுமை துறைமுகக் கதவில்தான் இருந்தது.

எளிய கணக்கு ஒன்று

இனி ஃபுளூவையும் கொரோனாவையும் ஒப்பிடுவோம். ஃபுளூவை அற்பமாக எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் அதனால் மூச்சுக் கோளாறு கண்டு இறக்கின்றனர். 2015-இல் நம் நாட்டில் பரவிய எச்1என்1 வகை ஏறக்குறைய 3,000 உயிர்களைக் கொண்டு சென்றது.

ஆனால் 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளில், அரசுகள் எண்ணிய கணக்கின்படியே சுமார் 54 லட்சம் பேர் உலகெங்கும் கொரோனாவால் மாண்டனர். வழக்கத்திற்கு மேல் நேர்ந்த சாவுகள் அனைத்தையும் கூட்டினால் அது ஒன்றரைக் கோடியை நெருங்கும் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் இந்தியாவுக்குக் குறித்த 47 லட்சத்தை நம் அரசு ஏற்கவில்லை. தமிழகத்தின் அரசுக் கணக்கில் மட்டும் 38,000 பேர். அவர்களுள் 9,000-க்கும் மேற்பட்டோர் சென்னையைச் சேர்ந்தவர்கள். இத்தனையும் ஊரடங்கும் முகக்கவசமும் இருந்த காலத்து எண்கள் என்பதை மறத்தலாகாது.

ஃபுளூ கண்ட ஒருவர் சராசரியாக 1.3 பேருக்கு அதைக் கொடுப்பார். பத்துச் சுற்றுகள் கடந்தால், பத்தாம் சுற்றில் புதிதாக நோயுறுவோர் சுமார் 14 பேர். கொரோனா தொடக்கத்தில் ஒருவரிடமிருந்து இரண்டு, மூன்று பேருக்குச் சென்றது. இரண்டரை என்று கொள்வோம். அதே பத்தாம் சுற்றில் 9,500 பேர்!

இப்பொழுது மக்கள் விலகியிருந்து, சந்திப்பைப் பாதியாகக் குறைத்தனர் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டரை, ஒன்றேகாலாகும், பத்தாம் சுற்றில் 9,500 என்பது ஒன்பது, பத்துப் பேராகச் சுருங்கும். ஃபுளூவின் 1.3-ஓ ஒன்றுக்கும் கீழே போய், நோயே அணைந்து விடும்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2020-21-இல் உலகின் பல பகுதிகளில் ஃபுளூ ஏறத்தாழ மறைந்தே போயிற்று. அதன் ஒரு கிளையான ‘பி-யமகாட்டா’ 2020 மார்ச்சுக்குப் பின் உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. தடுப்பூசியில் இனி அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஃபுளூவை அணைத்த அதே விலகலுக்கும் அடங்காமல் இலட்சக்கணக்கில் உயிர் பறித்தது கொரோனா. இரண்டும் ஒன்றா என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

மலை மக்கள் கொடுத்த விலை

பழனி மலையில் இந்த விலகல் எவ்வாறு நடந்தது? 2020 மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பழனி அடிவாரத்தில் பங்குனி உத்திரத்துப் பெருங்கூட்டம் அவ்வாண்டு இல்லை. கொடைக்கானலுக்கு வெளியூரார் வருவது நின்றது. செப்டம்பரில் மற்ற மாவட்டங்களுக்கு இ-பாஸ் நீக்கப்பட்ட பின்னும் நீலகிரி, ஏற்காடு, கொடைக்கானல் ஆகியவற்றுக்கு அது நீடித்தது. இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 20 முதல், சுற்றுலாப் பயணிகள் மீண்டும் தடுக்கப்பட்டனர்.

ஏப்ரலும் மே மாதமும்தான் அவ்வூரின் ‘சீசன்’. அந்த இரண்டு மாத வருவாயைக் கொண்டே ஆண்டு முழுதும் அடுப்பெரிப்போர் அங்கே ஏராளம். ஏரிக்கரையில் குதிரை விடுபவர், சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பவர், டாக்சி ஓட்டுநர், விடுதிப் பணியாளர், சாலையோரம் பழமும் சாக்லேட்டும் விற்கும் பெண்கள் ஆகியோர் அடுத்தடுத்து இரண்டு சீசன்களை இழந்தனர். மே மாத மலர்க் கண்காட்சியும் நடைபெறவில்லை. மலை காத்தது என்று நாம் எளிதாகச் சொல்லி விடுகிறோம். உண்மையில் பிறர் உயிருக்காகத் தம் பிழைப்பை விட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள்; அவர்களுள் பலரிடம் இதற்கு இசைவு கேட்கப்படவுமில்லை. அக்கடனை நாம் மறந்துவிடக் கூடாது.

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற மேல்மலைச் சிற்றூர்களையும் நினைத்துப் பாருங்கள். நகரில் மூச்சுத் திணறினால் சில நிமிடங்களில் ஆக்சிஜன் கிடைக்கக் கூடும். மலையில் நிலை முற்றிய நோயாளியோ திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ வளைந்து வளைந்து மணிக்கணக்கில் இறங்க வேண்டும். அத்தகைய ஊரில் ஒருவர் கொண்டு வரும் நோய், நகரத்து நோயைக் காட்டிலும் ஆபத்தானதாகி விடுகிறது. நோயின் கடுமை கிருமியில் மட்டுமில்லை. மருத்துவமனை எத்தனை தொலைவில் இருக்கிறது என்பதிலும் உள்ளது.

நம் முன்னோர் கண்ட வழி

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டையொட்டிச் சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. படையுடன் சென்று கொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்தில் இச்செய்தி கேட்டுத் தோழர்களுடன் ஆலோசித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்போர் அதை விட்டு ஓடவும் வேண்டாம் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துரைக்க, கலீஃபா மதீனாவுக்குத் திரும்பினார்கள். சிரியாவிலோ அபூஉபைதா (ரலி), முஆத் (ரலி) போன்ற பெருமக்கள் நோயால் மறைந்தனர். பின் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைகளில் தனித்தனியே பிரிந்திருக்கச் செய்தார்கள். நோய் தணிந்தது என வரலாறு கூறுகிறது.

மலை என்பதற்காக மட்டும் அவர்கள் அங்கே அனுப்பப்படவில்லை, பிரிந்திருப்பதற்காகவே அனுப்பப்பட்டார்கள். கொடைக்கானலுக்கும் இது பொருந்தும். 2020 ரமளானில் பள்ளிவாசல் மூடியிருந்தபோது, நோன்புக் கஞ்சிக்கான அரிசி வீடுகளுக்கே சென்றது. குடும்பங்கள் வீட்டிலேயே தராவீஹ் தொழுதன. வணக்கம் நின்று விடவில்லை. கூட்டம் மட்டுமே நின்றது.

இன்று நாம் செய்யத்தக்கவை

2023 மே 5-இல் நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஃபுளூ ஆண்டுதோறும் வருகிறது. நம் பகுதியில் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையுடன். காய்ச்சலும் இருமலும் உள்ளவர் ஜும்ஆவுக்கும் நிக்காஹ் விருந்துக்கும் செல்லாமல் இரண்டொரு நாள் வீட்டில் இருப்பது பிறருக்குச் செய்யும் தர்மமாகும். வீட்டில் அறுபதைக் கடந்தவர், கர்ப்பிணி, நீரிழிவும் ஆஸ்துமாவும் உள்ளவர் இருப்பின், ஆண்டுக்கொரு முறை போடும் ஃபுளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சளியோடு மலைக்கு இன்பச் சுற்றுலா புறப்படுவதை ஒத்தி வையுங்கள். இனி ஒரு காலம் கதவடைக்க நேர்ந்தால், பிழைப்பு இழப்போருக்கு ஜகாத்தும் ஸதகாவும் முதல் வாரத்திலேயே சென்று சேர ஒவ்வொரு ஜமாஅத்தும் இன்றே ஒரு பட்டியல் வைத்திருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் நோயினின்றும் காப்பானாக! பிறரைக் காக்கும் பொறுப்புணர்வையும் நமக்கு அருள்வானாக! ஆமீன்.