பாட்டு காதுக்குள்ளா, கூடத்திலா?



வெலிங்டனில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. அதன் மேல் மழை கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. சென்ற ஆண்டு அப்படியொரு மாலையில், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்பா, பிறந்த நாளுக்கு ஹெட்போன் வாங்கித் தருவீர்களா, ஸ்பீக்கர் வாங்கித் தருவீர்களா? வீட்டில் பாட்டுக் கேட்க எது நல்லது?"

"ஸ்பீக்கர்தான்" என்றேன். அவள் முகம் வாடியது. காரணம் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நான் சொல்வதை நீங்கள் மறுக்கலாம். ஆனால் காரணங்களை எடை போட்டுப் பார்த்த பிறகு மறுங்கள்.

இரண்டும் ஒரே கருவி

ஹெட்போனும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருள். அதில் மாறும் மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதோடு ஒட்டிய மெல்லிய தகடோ கூம்போ காற்றை அதிரச் செய்கிறது. 1925-இல் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இருவர் விவரித்த இந்த இயங்கு சுருள் அமைப்பே இன்றும் பெரும்பாலான ஸ்பீக்கர்களில் இருக்கிறது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? தூரத்தில்.

திறந்தவெளியில் ஒலியின் செறிவு, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று படித்திருப்பீர்கள். தொலைவு இரண்டு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும். அதாவது 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் உங்களிடமிருந்து இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறது. ஹெட்போனோ காதுக்கு ஓரிரு சென்டிமீட்டரில் இருக்கிறது. எனவேதான் பல ஹெட்போன்களுக்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்திறன் கிடைத்தாலே 100 டெசிபல் அளவுக்கு ஒலிக்க முடிகிறது.

ஹெட்போனின் நியாயம்

ஹெட்போனுக்கும் உரிய பெருமையைத் தர வேண்டும். தாழ்ந்த சுரங்களை எழுப்ப ஸ்பீக்கர் ஓர் அறை நிறையக் காற்றை அசைக்க வேண்டும். ஹெட்போனுக்குக் காதருகே உள்ள சிறிதளவு காற்றை அசைத்தால் போதும். ஆகவே குறைந்த விலையிலேயே மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ஒலி கனமாகக் கேட்கும். அறையின் எதிரொலியும் குறுக்கிடாது. பாடகர் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகத் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இளையராஜா இசையமைத்து 1978-இல் வெளிவந்த 'பிரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவானவை. ஸ்டீரியோ என்பது எதிரே இரண்டு ஸ்பீக்கர்கள் இருப்பதை மனத்தில் கொண்டு பிறந்த முறை. இடது ஸ்பீக்கரின் ஒலி இடது காதுக்கு மட்டுமா வருகிறது? சற்றுத் தாமதித்து வலது காதுக்கும் வருகிறது. அந்தத் தாமதம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆயினும் நம் மூளை அதைக் கணக்கிட்டு, 'வயலின் அங்கே, குரல் நடுவே' என்று நமக்கு எதிரில் ஒரு மேடையே அமைத்துவிடுகிறது. ஹெட்போனில் இடது ஒலி இடது காதோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் பாட்டு மண்டைக்குள்ளே ஒலிப்பதுபோல் இருக்கிறது.

எச்சரிக்கை செய்ய ஆளில்லை

என் முக்கியமான காரணம் வேறு. ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினால் என்ன நடக்கும்? அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். பாட்டி முகம் சுளிப்பார். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இவையெல்லாம் தொல்லை என்றுதான் உங்களுக்குத் தோன்றும். உண்மையில் இவை காசில்லாமல் கிடைக்கும் எச்சரிக்கை மணிகள். ஹெட்போனில் எவ்வளவு கூட்டினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். காதும் உடனே புகார் சொல்லாது. கேடு வலியின்றி, மெல்ல மெல்ல நேர்கிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தறியவில்லை. கோயம்புத்தூரில் முதுகலை படித்த நாட்களில், வார இறுதிகளில் மேட்டுப்பாளையம் வழியாக மலையேறும் பேருந்தில் ஊருக்கு வருவேன். கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் உறுமும். அந்த உறுமலை வெல்லக் கையிலிருந்த கேசட் பிளேயரின் ஒலியை உச்சத்தில் வைத்து, காதில் செருகிக்கொள்வேன். இறங்கிய பின்னும் காதில் 'ஙொய்' என்று இரைச்சல் இருக்கும். காலையில் சரியாகிவிடும். அதனால் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, மகள் வாசலில் நின்று, "சில்வண்டு எப்படிக் கத்துகிறது பாருங்கள்" என்றாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. செவித்திறன் சோதனையில், வரைபடக் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம்போல் இறங்கியிருந்தது. பேரிரைச்சலால் நேரும் கேடு முதலில் இந்தப் பகுதியில்தான் பெரும்பாலும் தெரியும். வயதுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். என் பங்கு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இன்று வகுப்பில் பின்வரிசை மாணவியர் கேட்கும் கேள்வியை, "மறுபடி சொல்லம்மா" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நம் உட்செவியில், நத்தைக்கூடு போன்ற உறுப்பில், பிறக்கும்போது ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுபவை இவையே. மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். சிறுவர்களுக்கு 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடினால் ஆற்றல் இருமடங்காகும்; எனவே நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. ஆகவே 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரமே. 100 டெசிபலில் அரை மணிகூட இல்லை!

இனி அந்த மழை மாலைக்கு வாருங்கள். கூரை இரைய இரைய, மகளின் விரல் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும். மழை நின்ற பிறகு அதைக் குறைக்க நினைவிருக்குமா? பேருந்தில் நான் செய்ததும் இதுவே.

ஸ்பீக்கர் வாங்கினால் எவ்வளவும் அலறவிடலாம் என்று பொருளல்ல. காதுக்கு வந்து சேரும் ஒலியின் அளவும் நேரமுமே கேடு செய்கின்றன. எந்தக் கருவியிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். அயலாரையும் எண்ண வேண்டும். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிடுகின்றன. எங்கள் மலையில் இன்னொரு சங்கதியும் உண்டு. தெளிவான குளிர் மாலைகளில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்றும் மேலே வெப்பமான காற்றும் அமையும். அப்போது ஒலி அலைகள் கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் செல்லும். இந்தச் சரிவில் வைக்கும் பாட்டு, எதிர்ச்சரிவில் படிக்கும் மாணவனுக்கும் கேட்கும்.

என் முடிவு

வீட்டில் இசை கேட்க, சிறிய ஸ்பீக்கர் இரண்டும் மிதமான ஒலியுமே முதல் தேர்வு. இரவு பத்து மணிக்கு மேல், வீட்டில் நோயாளி இருக்கையில், தம்பி தேர்வுக்குப் படிக்கையில் ஹெட்போனை எடுங்கள், அது மரியாதையும்கூட. ஆனால் அமைதியான அறையில் ஒலியளவை ஒருமுறை முடிவு செய்து, அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். கை நீட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லையா? ஒலி அதிகம் என்று கொள்ளுங்கள். மழையோ பேருந்தோ பாட்டை அமுக்கினால், பாட்டை நிறுத்திவிடுங்கள். மழையும் கேட்கத் தக்கதுதான்.

மகளுக்கு ஸ்பீக்கரே வாங்கினோம். முதல் வாரம் பாட்டு யாருடையது என்பதில் வீட்டில் சண்டை. இப்போது அவளுடைய பாடல்கள் இரண்டு எனக்கும் பிடித்துவிட்டன.

நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலி கிடைக்கும். துல்லியம் குறைவானாலும் ஒப்பிட உதவும். அறையில் ஸ்பீக்கரிலிருந்து 1, 2, 4 மீட்டரில் ஒலியை அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறதா? குறையாது. ஏன் என்று வகுப்பில் உங்கள் ஆசிரியரோடு விவாதியுங்கள்.