பத்தாம் திகதிப் பாடம்

பத்தாம் திகதி மாலை நோர்வூட் பஜாரில் நின்று பார்த்தால், மற்ற நாட்களில் கண்ணில் படாத ஒரு கணக்கு தெரியும். பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் பாதை பிரிகிற இடம் இது. இரு பக்கத்துத் தோட்டங்களின் சம்பளமும் இங்கேதான் வந்து இறங்குகிறது. கடைக்காரர் கடன் கொப்பியைத் திறக்கிறார். அடகுக் கடையில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். மருந்துக் கடைப் பாக்கி தீர்கிறது. இருட்டுவதற்குள் காசு பல கைகளுக்குப் பிரிந்துவிடும். காசோடு வந்த சம்பளச் சீட்டு மட்டும் நான்காக மடிந்து, பர்சுக்குள்ளோ சாமிப்படத்துக்குப் பின்னாலோ போய் ஒதுங்கிவிடும். அநேகமாக அதை யாரும் வாசிப்பதில்லை.

பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்குப் பணம் பற்றிய பாடத்தை எங்கே தொடங்குவது என்று நம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அந்த மடித்த சீட்டை விரிப்பதில் தொடங்கலாம் என்பது இந்த இதழின் கருத்து.

நான் அப்படித் தொடங்கவில்லை. பணிக்கு வந்த புதிதில் பத்தாம் தரத்துக்கு வீட்டு வரவு செலவுத் திட்டம் ஒன்றை ஒப்படையாகக் கொடுத்தேன். வரவை எழுதுங்கள், செலவை எழுதுங்கள், பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பாக ஒதுக்குங்கள் என்றேன். பாடக்குறிப்பில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு மாணவி செலவுப் பக்கத்தை நெருக்கமாக நிரப்பியிருந்தாள். வரவுப் பக்கம் வெறுமையாக இருந்தது. மறந்துவிட்டாயா என்று கேட்டேன். "இல்லீங்க சேர், அம்மாவுக்கு எவ்வளவு வருதுன்னு அம்மாவுக்கே சரியாத் தெரியாது. கையில தர்றதத்தான் எண்ணுவாங்க" என்றாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அதற்கு என்ன பொருள் என்பது எனக்குப் புரிய அன்று இரவு வரை ஆனது. ஒரு வீட்டின் வரவு எங்கே உருவாகிறது, எங்கே குறைகிறது என்று தெரியாத பிள்ளையிடம் நான் சிக்கனம் பேசியிருந்தேன்.

சிக்கனத்துக்கு மலையகத்தில் பஞ்சமில்லை. சீட்டுப் பிடிப்பதும், தோட்டை வாங்கி ஆத்திர அவசரத்துக்கு அடகு வைப்பதும், அரிசியை அளந்து போடுவதும் நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்ப்பவை. காகிதத்தை வாசித்துக் கணக்கைச் சரிபார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் வளரவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. பெரிய கங்காணிகளின் காலத்தில் ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இத்தனை ரூபாய்க் கடனைக் கட்டினால் இவர்களை விடுவிக்கத் தயார் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. எழுதப்பட்ட தொகை தன்னுடையதுதானா என்று அந்தத் தொழிலாளி வாசித்துப் பார்க்க வழியில்லை. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர், அதற்கு முன் தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' என்ற வணிக இதழை நடத்தியவர். நம் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்திலேயே கணக்குத் தெரிந்த ஒரு மனிதர் நிற்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இனிப் பாடத்துக்கு வருவோம். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். அதற்குள் அடைய வேண்டிய கற்றல் பேறு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: ஒரு மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து, கையில் வந்த தொகை எப்படி வந்தது என்று மாணவர் வரி வரியாக விளக்க வேண்டும். சேமிப்பு, வங்கி, வட்டி, காப்புறுதி எல்லாம் பிறகு வரட்டும்.

முதல் விதி: பிள்ளைகளை வீட்டிலிருந்து சீட்டைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஒரு லயத்துப் பிள்ளைகள் பலர் ஒரே வகுப்பில் இருப்பார்கள். யாருடைய அம்மாவுக்கு எத்தனை 'பேர்' (வேலைநாள்) விழுந்தது, யார் வீட்டில் எவ்வளவு முற்பணம் என்பது வகுப்பறைக்கு வரக் கூடாத செய்தி. அப்பா தோட்டத்தில் இல்லாத பிள்ளையும், அம்மா வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளையும் அதே வாங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியரே ஒரு மாதிரிச் சீட்டைத் தயாரித்துப் பலகையில் எழுதுவது நல்லது.

நாங்கள் பயன்படுத்தும் மாதிரி இது, ஓர் அம்மாவின் மாதச் சீட்டு. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதையே எடுத்துக்கொள்கிறோம். சம்பளம் மாறும்போது ஆசிரியர் எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். மாதத்தில் 20 பேர் என்றால் மொத்தம் 27,000 ரூபாய். கழிவுகள்: ஊழியர் சேமலாப நிதி 2,160, மாத முற்பணம் 5,000, தீபாவளி முற்பணத் தவணை 2,000, தேயிலைத்தூள் 390, சங்கச் சந்தா 250, கோயில் 200. கழிவுகளின் கூட்டுத்தொகை 10,000. கையில் 17,000. கழிவுத் தொகைகள் பலகைக்காக நாங்கள் போட்டவை. தோட்டத்துக்குத் தோட்டம் அவை வேறுபடும். மேலதிகமாகப் பறித்த கொழுந்துக் கிலோவுக்கான காசை முதல் பாடவேளையில் சேர்க்க வேண்டாம். அது தனிக் கணக்கு. நடுவில் வந்தால் பாடம் சிக்கிக்கொள்ளும்.

முதல் பத்து நிமிடம் கணக்குப் போடுவதில்லை. 27,000 எழுதி, கீழே 17,000 எழுதி, நடுவில் உள்ளதை மறைத்துவிட்டு, "பத்தாயிரம் எங்கே போனது?" என்று மட்டும் கேளுங்கள். "வெட்டிட்டாங்க" என்ற பதில்தான் முதலில் வரும். லயத்தில் எல்லாரும் சொல்லும் சொல் அது. இந்தப் பாடத்தின் வேலை அந்த ஒரு சொல்லை மூன்றாகப் பிரிப்பது.

அடுத்த பதினைந்து நிமிடம் பிரிக்கும் வேலை. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு கழிவும் எந்த வகை என்று தீர்மானிக்கட்டும். ஒன்று, இன்னும் அம்மாவின் பெயரிலேயே இருக்கும் காசு: 2,160. இரண்டு, ஏற்கனவே வாங்கிச் செலவழித்ததைத் திருப்பிக் கொடுப்பது: இரு முற்பணமும் தூளும் சேர்த்து 7,390. மூன்று, சம்மதித்து மற்றவர்களுக்குக் கொடுப்பது: 450. இந்த மூன்று எண்களும் பலகையில் ஏறும்போது வகுப்பின் பேச்சு மாறுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். பத்தாயிரத்தையும் யாரோ வெட்டினார்கள் என்று நினைத்த பிள்ளை, பெரும்பகுதி தீபாவளிக்கு வாங்கிய உடுப்பும் மாத நடுவில் வாங்கிய அரிசியும்தான் என்று தானே கண்டுபிடிக்கிறது. நாம் உபதேசம் செய்யாமலேயே முற்பணம் பற்றிய பேச்சு அங்கே பிறக்கிறது.

அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள்ளேயே சீட்டில் கண்ணுக்குப் படாமல் போகும் வரியும் வர வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம் போகிறது. தொழில் தருநர் தம் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம், அதுவும் தொழில் தருநரின் பங்கு. அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நம் மாதிரியில் 12 சதவீதம் 3,240 ரூபாய், 3 சதவீதம் 810 ரூபாய். ஆக, அந்த அம்மாவுக்குக் கையில் தெரிவது போக, அவர் பெயரில் மாதம் 6,210 ரூபாய் சேர வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். அப்போது பெயர் எழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் பதிவோடு பொருந்தாமல் எத்தனை முதியவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். சீட்டில் பெயரும் அங்கத்துவ இலக்கமும் சரியா என்று பார்ப்பது சதவீதத்தைவிடச் சின்ன வேலை. பலன் அதைவிடப் பெரியது. பதினைந்து வயதில் தன் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பிழை வேண்டும். இரண்டாவது மாதிரிச் சீட்டைக் கொடுங்கள். கூடவே அந்த அம்மா கலண்டரில் போட்ட கோடுகளையும் கொடுங்கள்: 20 முழுப் பேர், 2 அரைப் பேர். சீட்டில் 20 பேர்தான் விழுந்திருக்கிறது. ஒரு நாள் சம்பளம், 1,350 ரூபாய், குறைகிறது. கண்டுபிடிப்பது பாதிப் பாடம். கேட்பது மீதி. ஒரு பிள்ளை கணக்கப்பிள்ளையாக உட்காரட்டும், இன்னொரு பிள்ளை அம்மாவாக நிற்கட்டும். "ஐயா, ஆறாம் திகதியும் பதினேழாம் திகதியும் அரைப் பேர். சீட்டில காணல்ல. செக்ரோலை ஒருக்கா பார்த்துச் சொல்றீங்களா?" திகதியைச் சொல்லி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைச் சொல்லிக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கடினம். "எங்கள ஏமாத்துறீங்க" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தவறு தற்செயலாகவும் நேரும் என்பதையும், அம்மாவின் கோட்டிலேயே பிழை இருக்கலாம் என்பதையும் பிள்ளைகள் இந்த நடிப்பில் உணர வேண்டும்.

நேரம் கிடைத்தால், அல்லது கணித ஆசிரியர் இன்னொரு பாடவேளை தந்தால், 2016ஆம் ஆண்டுத் தோட்டச் சம்பளக் கூட்டு ஒப்பந்தத்தை எடுங்கள். நாளுக்கு 730 ரூபாய் என்று எல்லாரும் பேசினார்கள். அடிப்படை 500, உற்பத்தித்திறன் 140, வருகை 60, விலைப்பங்கு 30. சேமலாப நிதி 500க்கே கணக்கிடப்பட்டது. 730க்கும் 500க்கும், 8உம் 12உம் சேர்ந்த 20 சதவீதத்தைப் போட்டுப் பார்த்தால் நாளுக்கு 46 ரூபாய் வித்தியாசம். 25 நாளுக்கு 1,150. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாய் நாட்சம்பளமும் அரசின் 200 ரூபாய் வருகை ஊக்குவிப்பும் சேர்ந்து 1,750 என்று அறிவிக்கப்பட்டபோதும் ஒரு மாணவர் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: இதில் எவ்வளவு அடிப்படை? சதவீதம் என்ற அலகுக்கு இதைவிட நல்ல பயிற்சி பாடநூலில் கிடைக்காது.

சில ஆட்சேபங்களும் எழுகின்றன. இது யாருடைய பாடம் என்பது ஒன்று. வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் விருப்பப் பாடம், எல்லாப் பிள்ளைகளும் எடுப்பதில்லை. ஆகவே கணித ஆசிரியரே இதைக் கையில் எடுப்பது பொருத்தம். தோட்டத்து அரசியலை வகுப்புக்குள் கொண்டுவருவதாக நிர்வாகமோ சங்கமோ நினைக்குமே என்பது இன்னொன்று. நியாயமான அச்சம்தான். சம்பளம் போதுமா, போதாதா என்று இந்தப் பாடம் பேசுவதில்லை. எழுதியிருப்பதை வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறது. அதிபரிடம் மாதிரிச் சீட்டை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

இன்னும் ஆழமான ஆட்சேபம் ஆய்விலிருந்து வருகிறது. நிதிக் கல்வி பற்றிய 201 ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்த ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் ஆகியோர், மனிதர்களின் பண நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் அக்கல்வி விளக்குகிறது என்றும், கற்றது காலப்போக்கில் தேய்ந்துவிடுகிறது என்றும் கண்டார்கள். 2022இல் 76 பரிசோதனைகளைத் தொகுத்த கைசரும் மற்றவர்களும் அவ்வளவு நம்பிக்கையிழக்கத் தேவையில்லை என்று காட்டினார்கள். இவற்றிலிருந்து வகுப்பறைக்கு நான் எடுத்துக்கொள்வது நாள் குறிப்பதைத்தான். பயன்படுத்தும் நாளுக்குப் பக்கத்தில் கற்பியுங்கள். பாடத்தைப் பத்தாம் திகதி விழும் வாரத்திலேயே வையுங்கள். அந்த வாரமே வீட்டில் ஒரு சீட்டு விரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சட்டப்படி 16 வயதில் வேலைக்குப் போகலாம். சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகும் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 8 சதவீதம் 2,400. 27,600 கைக்கு வந்தால் கணக்குச் சரி. 27,600 வந்து, சீட்டும் அங்கத்துவ இலக்கமும் வராவிட்டால், அந்த 2,400 எங்கே என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் சீட்டில் பழகிய கண் அங்கே உதவும்.

கணிப்பீட்டுக்கு வினாத்தாள் வேண்டாம். ஒரு மாதத்துக்குக் கலண்டரில் கோடு போடும் வேலையைப் பிள்ளை வீட்டில் ஏற்கட்டும்: முழுப் பேருக்கு நீளக் கோடு, அரைப் பேருக்குக் குட்டைக் கோடு. மாத முடிவில் எண்களை யாரும் நம்மிடம் காட்ட வேண்டியதில்லை. சீட்டோடு ஒப்பிட்டாயா, எந்த வரி விளங்கவில்லை என்று மட்டும் ஒரு துண்டுத்தாளில் பெயரில்லாமல் எழுதித் தரட்டும். அந்தத் தாள்களை எங்களுக்கு அனுப்புங்கள். நோர்வூட்டில் விளங்காத வரியும் தலவாக்கலையில் விளங்காத வரியும் ஒன்றுதானா என்று பார்த்து, இரண்டாவது பாடவேளையை அவற்றிலிருந்து சேர்ந்து எழுதுவோம்.