ஆட்டோடு சேர்ந்து லாரி ஏறும் நோய்!

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆடு என்றால் வெறும் கறி இல்லை. மழை பொய்த்த வருஷத்தில் பள்ளிக்கூடப் பீசு, ஆஸ்பத்திரிச் செலவு, மகளுக்குத் தோடு எல்லாம் அதிலிருந்துதான். பேங்கில் போடாமல் பட்டியில் கட்டி வைத்த பணம்!

அந்தப் பணம் ஒரே வாரத்தில் செத்து விழுந்தால்?

'ஆட்டுக்கொல்லி' என்று ஒரு நோய். காய்ச்சல், மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல். அப்புறம் சாவு. இந்தியாவில் இது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம தமிழ்நாட்டில்தான். 1987-ல், விழுப்புரம் பக்கம் அரசூரில்.

நோய் தொற்றிய ஆடு முதல் நாலைந்து நாள் நல்லாத்தான் இருக்கும். புல் தின்னும், துள்ளும். அந்த நாளில்தான் அது எட்டயபுரம் சந்தையிலோ மேலப்பாளையம் சந்தையிலோ விலை பேசப்படுகிறது. "பல்லைப் பாருங்க அண்ணாச்சி, இளங்கிடா!" பல் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள். காய்ச்சல் பார்ப்பது யார்?

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் பட்டி முழுக்க மூக்கு ஒழுகும்.

கப்பல் ஏறிய வெக்கை

அதே 1987-ல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. படைக்குக் கறி வேண்டுமே என்று இங்கிருந்து உயிரோடு ஆடுகள் கொண்டுபோனார்கள். கூடவே வெக்கை நோயும் போய் இறங்கியது! 40 ஆண்டுகளாக அந்த நோயே இல்லாத தீவு அது. கொண்டுபோன ஆடுகளிடம் நோய் அவ்வளவாகத் தெரியவில்லை. செத்தது அங்கிருந்த மாடும் எருமையும். 1994 வரை அந்த நாடு அதோடு மல்லுக்கட்டியது.

இதற்கு முன்னும் ஒரு கூத்து உண்டு. 1920-ல் இந்திய மாடுகள் பிரேசிலுக்குக் கப்பலில் போயின. வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கினார்கள். ஐரோப்பா அலறியது. 28 நாடுகள் கூடி 1924-ல் பாரீசில் உலகக் கால்நடை நல அலுவலகத்தையே தொடங்கின!

இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், அதுவும் தமிழ்நாட்டில்தான். ஊசி போட்டுப் போட்டு, 2011-ல் உலகத்தை விட்டே அதை விரட்டினார்கள். மனிதன் மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆந்திர லாரிக்கு?

வெளிநாட்டிலிருந்து கால்நடை வந்தால் கேள்வி உண்டு. 1898-லேயே சட்டம் போட்டார்கள். சென்னையில் தனிமைக் கொட்டில் இருக்கிறது. தனியே கட்டி வைத்து, சோதித்துத்தான் வெளியே விடுவார்கள்.

ஆந்திராவிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வரும் லாரிக்கு? நோய்க்குக் கடலும் ஒன்றுதான், மாநில எல்லையும் ஒன்றுதான். 2013-ல் கர்நாடகத்தில் கோமாரி பரவியது. அதே ஆண்டில் நம்ம டெல்டா மாட்டையும் சாய்த்தது. 2019-ல் ஒடிசாவில் தெரிந்த தோல் கழலை நோய், 2022-ல் ராஜஸ்தான், குஜராத்தில் மாடுகளைக் குவியல் குவியலாகக் கொன்றது. அதை ஈயும் கொசுவும் பரப்பும். ஆனால் ஈ எவ்வளவு தூரம் பறக்கும்? தூர ஊருக்குக் கொண்டுபோவது லாரிதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2009-ம் ஆண்டு மத்திய சட்டப்படி சோதனைச் சாவடி வைக்கலாம், தனிமை முகாம் போடலாம், நோய் கண்ட பகுதியில் சந்தையை நிறுத்தலாம்.

"சாவடி வச்சா மாமூல்தான் வளரும்" என்பார்கள் வியாபாரிகள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெயிலில் லாரியை நிறுத்திப் போட்டால் நோய்க்கு முந்தி தாகத்தில் ஆடு சாகும். அதனால் ரோட்டை விட்டுவிட்டுச் சந்தைக்குள் பார்க்கட்டும். நுழையும் இடத்தில் ஒரு கால்நடை டாக்டர், ஒரு தெர்மாமீட்டர். சளி ஒழுகும் ஆட்டை ஓரமாகக் கட்ட ஒரு கொட்டகை. குத்தகைதாரர் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறாரே, அதில் இதற்கும் கொஞ்சம் போகட்டும்.

வாங்கியவர் புது ஆட்டை மூணு வாரம் தனியாகக் கட்ட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சரிதான். ஒரே ஒரு ஓலைச் சாய்ப்பு வைத்திருக்கும் அம்மா எங்கே கட்டுவார்? அவருக்குத் தடுப்பூசிதான் கதி. அரசூரில் எடுத்த கிருமியை வைத்தே தமிழ்நாட்டில் ஊசி தயாரித்திருக்கிறார்கள். ஒருமுறை போட்டால் மூன்று வருஷம் தாங்கும். ஆடு கைமாறுவதற்கு முன்பே ஊசி போட்டு, சீட்டும் கொடுத்தால் வாங்குகிறவர் கூட நூறு ரூபாய் கொடுக்க மாட்டாரா?

வருஷம் முழுக்க முடியாவிட்டால், பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் ஆடி மாதக் கொடைக்கும் முந்தின சந்தைகளிலாவது டாக்டர் வந்து நிற்கட்டும். அப்போதுதான் லாரி அதிகம்.