குளத்தில் பிணம் இல்லை

தழுவல் என்றாலே நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். உள்ளூர்த் தொலைக்காட்சிப் படம் ஒன்று வந்தால், 'எங்கிருந்தோ சுட்டது' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறோம். சுட்டது குற்றமில்லை, சுட்டதை எந்த மண்ணில் நட்டார்கள் என்பதே கேள்வி என்பது என் கட்சி.

க்ளூஸோ இயக்கிய 'லே தியாபோலீக்' (1955) என்ற பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள். ஓர் உறைவிடப் பள்ளி. அதன் கொடுமைக்காரத் தலைமையாசிரியரை அவர் மனைவியும், அவரோடு தொடர்புள்ள ஓர் ஆசிரியையும் சேர்ந்து தொட்டியில் மூழ்கடித்து, பள்ளி நீச்சல் குளத்தில் போடுகிறார்கள். பின்னர் குளத்தை வடிக்கிறார்கள். பிணம் இல்லை! முடிவை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று படமே கேட்டுக்கொள்வதால் நானும் நிறுத்திக்கொள்கிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இக்கதை 1974-இலும் 1993-இலும் மீண்டும் படமானது.

இதன் மூல நாவலை எழுதிய புவாலோ, நார்ஸ்ஜாக் இரட்டையரின் மற்றொரு நாவல்தான் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958). அதன் சாயல் 1965-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'கலங்கரை விளக்க'த்தில் விழுந்தது. அங்கே கதாநாயகியை ஆட்டிப்படைப்பது அமெரிக்கப் பாட்டியின் ஆவியல்ல. சரோஜாதேவி தன்னைப் பல்லவர் காலத்துச் சிவகாமியாகவே நினைத்துக்கொள்கிறார், களம் மாமல்லபுரம். கல்கியைப் படித்த தமிழனுக்கு வேறு விளக்கம் தேவையா?

அந்தத் துணிச்சல் நம் படங்களில் எங்கே? நான் பார்த்தவற்றில் பெரும்பாலான மர்மக் கதைகள் கோலாலம்பூர் அடுக்குமாடியில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. பேராக்கின் பால்மரத் தோட்டத்தை யாரும் நினைப்பதில்லை. ஒருவர் சொல்லே சட்டமாக இருக்கும் மூடிய உலகம் அந்தப் பள்ளி. நம் தோட்டமும் அதுதானே? மேட்டில் துரை பங்களா, கீழே லயம், இடையில் ஆபீஸ் கிராணி. காலைப் பெரட்டில் ஓர் ஆள் குறைந்தால் வெயில் ஏறுமுன் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அங்கே ஒரு சாவை மறைப்பது எத்தனை கடினம்! திகிலே அதில்தான்.

நீச்சல் குளத்துக்குப் பதில் ஈப்போவைச் சுற்றியும் பத்து காஜாவிலும் கம்பாரிலும் கிடக்கும் பழைய ஈயக் குட்டைகள் போதும். ஆனால் ஒரு சிக்கல்: அவற்றை வடிக்க முடியாது. வடிக்க முடியாத நீரில் பிணம் இல்லை என்று எப்படித் தெரிய வரும்? இதற்கு விடை காண்பவரே உண்மையான தழுவல்காரர். பெயரை மட்டும் மாற்றுபவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் இன்னும் சிலர் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் இருக்கிறார்கள். வயது எண்பதை நெருங்குகிறது. ஒளிபரப்புத் துறையில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்கள் கேமராவைத் தூக்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் போகட்டும். துரை பங்களாவின் பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்.