விறகுக்கும் ஒரு நற்சாட்சிப் பத்திரம்

கல்லூரியை விட்டு நீங்கும் மாணவன் அதிபரிடம் நற்சாட்சிப் பத்திரம் பெற்றுச் செல்வது நெடுங்கால வழக்கம். அவன் எங்கே பயின்றான், எப்படி நடந்துகொண்டான் என்பனவற்றை, அவனை முன்பின் அறியாத ஒருவருக்கு அறிவிப்பதே அப்பத்திரத்தின் நோக்கம். எரிந்து சாம்பலாகப் போகும் விறகுக்கட்டையும் இந்நாளில் அத்தகைய பத்திரம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், மேல்நாடுகளில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. நமது நாட்டிலும் அதற்கென ஒரு கட்டளை எழுதப்பட்டிருக்கிறது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே வாழும் நமக்கு அதனால் ஆவதென்ன என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகும் பொருள்.

நிலக்கரியும் எண்ணெயும் பூமிக்கடியிற் கோடிக்கணக்கான ஆண்டுகளாய்ச் சேர்ந்த பொருள்கள். எடுத்தால் எடுத்ததுதான். மரமோ வெட்ட வெட்ட மீண்டும் வளர்வது. எரியும்போது அது வெளிவிடும் கரியமிலவாயுவை, அதன் இடத்தில் வளரும் இளமரம் மீண்டும் உட்கொள்கிறது. ஆகவே விறகை மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி என்று எண்ணுகிறார்கள். இக்கூற்று உண்மையே, ஆனால் ஒரு நிபந்தனையுடன்தான் உண்மை. வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளர வேண்டும். அது வளர எத்தனை காலம் ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். அறுபது ஆண்டு வளர்ந்த காட்டுமரத்தை ஒரு நாழிகையில் எரித்துவிட்டால், அந்தக் கடனை அடைக்க இன்னும் அறுபது ஆண்டுகள் செல்லும். வட்டியை எடுத்துச் செலவு செய்பவன் குடித்தனக்காரன்; முதலில் கைவைப்பவனை ஊரார் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். விறகு வட்டியா, முதலா என்று பிரித்துக் காட்டுவதே சான்றிதழின் வேலை.

இந்தப் பேச்சு ஐரோப்பாவில் எழுந்ததற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி பற்றிய சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் பின்னர் நிலக்கரி எரித்த மின்னிலையங்கள் பல விறகுக்கு மாறின. அந்த விறகு நாம் காணும் கொள்ளிக்கட்டை அன்று. மரத்தைத் தூளாக்கி, உலர்த்தி, விரலளவு குளிகைகளாக அழுத்தியது. இங்கிலாந்தின் யோர்க்சயரில் உள்ள டிராக்ஸ் மின்னிலையம் தன் ஆறு பிரிவுகளில் நான்கை இவ்வாறு மாற்றிக்கொண்டு, அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குளிகைகளை வரவழைத்தது. கொப்பன்ஹேகன் நகரத்து வீடுகளுக்கு வெந்நீர் அனுப்பும் நிலையங்களும் நிலக்கரியை விட்டு மரக்குளிகைக்கு வந்தன. எந்தக் காட்டில் வெட்டினீர்கள் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. டென்மார்க்கு நாட்டுச் சக்தி நிறுவனங்கள் 2014இல் தாமாகவே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2021இல் அந்நாடு அதனைச் சட்டமாக்கிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் காட்டு விறகுக்கு விதிகள் வகுத்து, 20 மெகாவாற்றும் அதற்கு மேற்பட்டதுமான நிலையங்களுக்கு அவற்றை விதித்தது. 2023இல் அவ்வெல்லையை 7.5 மெகாவாற்றுக்கு இறக்கியது.

டென்மார்க்கு என்ற பெயர் நம் கரையோர மக்களுக்குப் புதியதன்று. ஒலுவிற் துறைமுகம் அந்நாட்டின் கடனுதவியால், அந்நாட்டு நிறுவனம் ஒன்றினாற் கட்டப்பட்டதாகும். 2008இற் பணி தொடங்கியது. 2013இல் திறப்பு விழா நடந்தது. அதன் பின் நிகழ்ந்ததை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணலை அலைதடுப்புச் சுவர் மறித்தது. துறைமுக வாயில் மணலால் அடைபட்டு, தோணிகளுக்கு வழியில்லாது போயிற்று. சுவருக்கு வடக்கே மணல் வந்து சேராமையாற் கடல் நிலத்தை அரித்துக்கொண்டே போயிற்று. தென்னைகள் வேர் தெரிய நின்று, ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. மணலை அள்ளுங்கள் என்று மீனவர் கேட்க, முதலில் எங்கள் நிலத்தைக் காப்பாற்றுங்கள் என்று காணிக்காரர் கேட்க, இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. திட்டம் வரையாமலா துறைமுகம் கட்டினார்கள்? தாள்களுக்குக் குறைவில்லை. கட்டிய பின் ஆண்டுதோறும் அளந்து பார்த்து, தவறுமிடத்தில் உடனே திருத்தும் ஏற்பாடுதான் போதாமற் போயிற்று. விறகுச் சான்றிதழைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாய்ந்த தென்னைகளே நினைவுக்கு வருகின்றன.

சான்றிதழ் கேட்கும் கேள்விகள் எவை? மரம் சட்டப்படி வெட்டப்பட்டதா, காணி யாருடையது, காட்டை அழித்து அந்த இடத்தில் விறகுத் தோட்டம் வைத்தார்களா, மண்ணும் நீரும் கெட்டனவா, வெட்டியவருக்கு உரிய கூலி கிடைத்ததா, குழந்தைகளை வேலைக்கு வைத்தார்களா, வெட்டியது முதல் உலைவாய் வரை எத்தனை கைகள் மாறிற்று. 1993இல் நிறுவப்பட்ட வனக் காப்பாளர் மன்றம் மரப்பொருள்களுக்கு இத்தகைய சான்று வழங்கி வருகிறது. எரிபொருளாகும் மரத்துக்கென்றே 2013இல் ஐரோப்பிய மின் நிறுவனங்கள் கூடித் தனி அமைப்பு ஒன்றையும் உண்டாக்கின. இவற்றில் மாணவர்களுக்கு விளங்கக் கடினமான பகுதி ஒன்று உண்டு. நல்ல காட்டு மரமும் பிற மரமும் ஒரே குவியலிற் கலந்துவிட்டால் என்ன செய்வது? சம்மாந்துறை அரிசி ஆலையை நினைத்துக் கொள்ளுங்கள். பத்து மூடை நெல் கொடுத்தவர், பத்து மூடைக்குரிய அரிசியைப் பெற்றுச் செல்கிறார்; அது அவருடைய வயலில் விளைந்த மணிதானா என்று அவர் கேட்பதில்லை. அதுபோலவே, சான்று பெற்ற மரம் எவ்வளவு உள்ளே வந்ததோ அவ்வளவுக்கே சான்றுடன் வெளியே விற்கலாம் என்பது விதி. கணக்கு நேர்மையாக இருந்தால் முறையும் நேர்மையாக இருக்கும்.

கணக்குத் தவறுவதும் உண்டு. மேலே சொன்ன டிராக்ஸ் நிறுவனம், கனடாவிலிருந்து வந்த மரம் எத்தகையது என்பதைச் சரிவர அறிவிக்கவில்லை என்று பிரித்தானியச் சக்தி ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒவ்ஜெம் 2024 ஆகஸ்டில் முடிவு கூறிற்று. நிறுவனம் 2 கோடியே 50 இலட்சம் பவுண் செலுத்த நேர்ந்தது. அரசாங்க உதவித்தொகையைத் தகாத முறையிற் பெற்றதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் அதே முடிவு சொல்கிறது. அதையும் சேர்த்துச் சொல்வதே முறை. எனினும், அத்துணை பெரிய நிறுவனத்திலேயே விறகின் கணக்குக் குழம்புமானால், சிறு வியாபாரியிடம் எதை எதிர்பார்ப்பது?

இனி நமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் விறகு பழங்கதை அன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விறகடுப்பே எரிந்தது. 2022இல் எரிவாயு கிடையாமற் போனபோது நகரத்து மாடிவீடுகளிலும் அடுப்புக்கல் தேடியதை எவரும் மறந்திரார். தேயிலையை வாட்டி உலர்த்துவதும், நெல்லை அவிப்பதும், ஓடும் செங்கல்லும் சுடுவதும் விறகையும் உமியையும் நம்பியே நடக்கின்றன. 2005இல் அரசாங்கம் சீமைக்கிளுவையை, தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. கிளிரிசீடியா என்று விவசாய உத்தியோகத்தர்கள் சொல்வதும் இம்மரத்தையே. பின்னர், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டமும் துணைநிற்க, நிலைபேறான முறையில் விளைந்த விறகுக்கென ஒரு கட்டளை உருவாயிற்று. 2016இல் வெளிவந்த அதன் இலக்கம் 1551. இதைப் பெரிய காரியம் என்றே நான் கருதுகிறேன். வாங்குபவன் கேட்டாலன்றி அது அலுமாரிக்குள்ளேயே கிடக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

காட்டிலிருந்து மரம் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது நாம் அறிந்ததே. அப்படியிருக்கச் சான்றிதழ் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அனுமதிப்பத்திரம், இந்த மரத்தை நீ வெட்டலாம் என்கிறது. வெட்டியபின் அந்த நிலம் என்ன ஆகும் என்பதை அது கேட்பதில்லை. அம்பாறை மாவட்டத்தில் இவ்வேறுபாடு முக்கியமானது. ஒரு மெகாவாற்று மின்னிலையத்தை இடைவிடாது ஓட்ட, நாளொன்றுக்கு ஏறக்குறைய 24 முதல் 36 தொன் உலர்ந்த விறகு வேண்டும். அதை எங்கே பெறுவது? மேற்கே உள்ள பற்றைக்காட்டை வெறும் நிலம் என்று கணக்கெழுதி அழித்தால், யானை வயலுக்கு வரும். ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரத்தில் நட்ட சவுக்கில் கைவைத்தால், காற்றையும் மணலையும் தடுப்பார் இல்லை. இவ்விரண்டும் முதல், வட்டி அன்று.

வட்டி எங்கே இருக்கிறது? முதலாவது, ஆலைகளில். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. அதற்காக எவரும் ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. இரண்டாவது, நம் வீட்டு வேலிகளில். சீமைக்கிளுவைக் கதியாலை மாரி மழை தொடங்கும்போது நட்டுவிட்டால், ஏறக்குறைய இரண்டாண்டில் முதல் வெட்டுக்கு வந்துவிடும். அதன் பின் ஆண்டுக்கொரு முறை கிளை கழிக்கலாம். குழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் வயலுக்கும் உதவும். வேர், காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் நிறுத்தும். அடிமரம் நிற்கக் கிளையை மட்டும் எடுப்பதால் அறுபதாண்டுக் கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் இங்கேதான் நீதி சார்ந்த சிக்கல் இருக்கிறது. சான்று வழங்கப் பரிசோதகர் வரவேண்டும். அவருக்குப் பயணச்செலவும் கட்டணமும் உண்டு. ஆயிரம் ஏக்கர் தோட்டத்துக்கு அது ஒரு பொருட்டன்று. அரை ஏக்கர் வளவில் நாற்பது கதியால் வைத்திருக்கும் கைம்பெண் அதை எப்படிக் கொடுப்பார்? காட்டோரத்திற் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவரும் ஏழைக்குக் காணி உறுதி ஏது? ஆலைக்காரர் சான்றுள்ள விறகையே வாங்குவேன் என்று சொல்லத் தொடங்கினால், காட்டுக்கு ஒரு தீங்கும் செய்யாத இவர்களே முதலிற் சந்தையிலிருந்து தள்ளப்படுவார்கள். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட விதி பலமற்றவரை வெளியேற்றுமானால், அவ்விதியை நான் ஏற்கமாட்டேன்.

இதற்கு வழியில்லாமலில்லை. பல சிறு காணிக்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றைப் பெறும் முறை வெளிநாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. பரிசோதகர் எல்லா வளவுகளையும் பாராது, சிலவற்றைத் தெரிந்தெடுத்துப் பார்ப்பார், செலவு பங்கிடப்படும், குழுவில் ஒருவர் பிழை செய்தால் அனைவருக்கும் பாதகம் என்பதால், ஒருவரையொருவர் கவனித்துக் கொள்வர். கூட்டுறவுச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் நம் ஊர்களிற் புதியவை அல்ல. ஒலுவில், பாலமுனை, நிந்தவூர், காரைதீவு என்று ஊருக்கு ஊர் வேலி இருக்கிறது. இணைத்துக் கணக்கு வைக்க ஒருவர் வேண்டும்; அவ்வளவே. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு உத்தியோகத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளால் ஆகாத வேலையா இது?

விற்பவரும் வாங்குபவரும் உடனே கவனிக்கக்கூடிய செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று வெட்டிய பச்சை விறகின் நிறையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். நிறுத்து வாங்குபவர் அந்தத் தண்ணீருக்கும் பணம் கொடுக்கிறார். அடுப்பும் அதை ஆவியாக்குவதிலேயே தன் வெப்பத்தை இழந்து புகையைக் கக்குகிறது. பிளந்து, நிலத்திற் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மறைத்துக் காற்றோட்டமாக வைத்தால், சில வாரங்களில் நீர் பெரும்பகுதி வற்றிவிடும். காய்ந்த விறகுக்குக் கூடிய விலையும் பச்சைக்குக் குறைந்த விலையும் என்று இரு விலை வைக்கும்படி சூளைக்காரரிடமும் பேக்கரிக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள். மாரி தொடங்குமுன் அடுக்கினால்தான் பலன்.